கவளமும் கனமும்

சென்ற ஷவ்வாலில் ஒரு வலீமா விருந்துக்குப் போயிருந்தோம். சஹனுக்கு நால்வர். நம்முடன் அமர்ந்தவர்களில் ஒருவர் பல் விழுந்த முதியவர், ஒருவர் நல்ல பருத்த சரீரமுடையவர், மூன்றாமவர் இளைஞர். பிஸ்மி சொல்லிக் கை வைத்துச் சற்று நேரத்திற்குள் நம் பக்கமும் இளைஞரின் பக்கமும் வெறுமையாகி, நடுவிலிருந்த இறைச்சியும் தீர்ந்துவிட்டது. முதியவர் ஐந்தாறு கவளமே மென்றிருப்பார். "அல்ஹம்துலில்லாஹ், போதும்" என்று கையை எடுத்துக் கொண்டார். பருத்தவர் தம் பக்கத்துச் சோற்றை அவர் பக்கம் ஒதுக்கி, "நீங்க சாப்பிடுங்க வாப்பா. எனக்கும் மெதுவாத்தான் எறங்கும்" என்றார்.

கை கழுவுமிடத்தில் இளைஞர் நம் காதோடு சொன்னார்: "இவரு வந்து உக்காந்ததும் நமக்கு ஒண்ணும் மிஞ்சாதுன்னு பயந்துட்டேன் ஹஜ்ரத்!"

நமக்குச் சிரிப்பு வரவில்லை. நம்முடையது மெலிந்த உடம்பு. முதியவரின் பங்கை அள்ளியது இந்த மெலிந்த கைதான்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி நம் மனத்தில் நிற்கிறது. வேகமாகத் தின்பது குற்றமா? உடல் பருப்பது குற்றமா? இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடுகிறோமே, அது நியாயந்தானா?

ஆராய்ச்சி சொல்வது

வேகத்திற்கும் பருமனுக்கும் தொடர்பு உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஜப்பானில் 30 முதல் 69 வயது வரையுள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2008-ல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. வேகமாகவும் வயிறு நிறையவும் உண்போர் அதிக எடையுடன் இருக்கும் வாய்ப்பு, அவ்விரு பழக்கமும் இல்லாதவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்றது அது. காரணமும் விளங்கக் கூடியதே. உணவு போதுமென்ற செய்தி குடலிலிருந்து மூளையை எட்டச் சிறிது நேரம் பிடிக்கிறது. சுமார் 20 நிமிடம் என்று மருத்துவர்கள் கணக்குச் சொல்வார்கள். அதற்குள் அவசரக்காரர் இரண்டாம் முறையும் சோறு வாங்கி விடுகிறார்.

அமெரிக்காவில் 20 பேரை வைத்து நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வில், ஆலையில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவைத் தின்ற இரண்டு வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள், வேகமாகவும் உண்டார்கள், சுமார் 900 கிராம் எடை கூடினார்கள்.

ஆனால் தொடர்பு வேறு, தீர்ப்பு வேறு. பரம்பரை, தைராய்டு கோளாறு, உட்கொள்ளும் மருந்து, தூக்கக் குறைவு என்று பருமனுக்குப் பல வாசல்கள் உண்டு. மெதுவாகத் தின்றும் பருத்தவர் உண்டு. விழுங்கியும் மெலிந்தவர் உண்டு. நம் சஹனிலேயே இரு வகையினரும் இருந்தோம்!

மார்க்கம் நிற்கும் இடம்

அமெரிக்கரான ஹோரஸ் ஃபிளெட்சர் (1849–1919), உணவு நீராகிக் கரையும்வரை மெல்ல வேண்டுமென்று ஊர் ஊராகப் போதித்து, மெல்லுவதையே ஒரு மார்க்கமாக்கி விட்டார். நம் மார்க்கம் மெல்லும் எண்ணிக்கையை விதிக்கவில்லை. உண்ணுங்கள், பருகுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்பதே அருள்மறையின் கட்டளை (7:31). முதுகை நிமிர்த்தி நிறுத்தும் சில கவளங்களே மனிதனுக்குப் போதும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில், கவளத்தைச் சிறிதாக எடுக்கவும், நன்கு மெல்லவும், அதை விழுங்கும் முன் அடுத்ததற்குக் கை நீட்டாதிருக்கவும் சொல்கிறார்கள்.

இதைவிட நம்மைத் தைப்பது வேறொரு ஹதீஸ். பஞ்ச காலத்தில் மதீனாவில் பேரீச்சம்பழம் வழங்கப்பட்டது. உண்டு கொண்டிருந்தவர்களைக் கடந்து சென்ற இப்னு உமர் (ரலி) அவர்கள், கூட இருப்பவரின் அனுமதியின்றி இரண்டு பழங்களைச் சேர்த்து உண்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததை நினைவூட்டுவார்கள் (புகாரி). இங்கே பேச்சு வயிற்றைப் பற்றியதன்று. பக்கத்திலிருப்பவரின் ஹக்கைப் பற்றியது. பொதுத் தட்டில் வேகம் என்பது பிறர் பங்கில் கை வைப்பதாகும்.

இகாமத் சொல்லப்படும்போது இரவு உணவு முன்னே வைக்கப்பட்டிருந்தால், முதலில் உண்ணுங்கள், முடிக்கும்வரை அவசரப்படாதீர்கள் என்பதும் நபிமொழிதான். தொழுகைக்காகக்கூட அவசரப்படுத்தப்படாத உணவை நாம் எதற்காக அவசரப்படுத்துகிறோம்? ரமலானில் பாருங்கள். நோன்பு திறப்பதை விரைவாக்குங்கள் என்றால், நேரம் வந்தும் தாமதிக்காதீர்கள் என்று பொருள். கொதிக்கும் கஞ்சியைத் தொண்டை வேகக் குடியுங்கள் என்று பொருளல்ல. மஃரிப் பாங்குக்கும் இகாமத்துக்கும் இடையே நோன்பாளிக்கு ஆற அமரச் சில நிமிடங்கள் விடுவது, நம் போன்ற இமாம்களின் கடமை.

நம் குற்றமும் நம் நிய்யத்தும்

நம் வேகம் மத்ரஸா நாட்களில் வந்தது. மணி அடித்ததும் முந்தியவருக்குக் கறி; பிந்தியவருக்குச் சால்னா மட்டும். பசி கற்றுத் தந்த வேகத்தை நாம் இகழவில்லை. இன்றும் பத்து நிமிட இடைவேளையில் உண்டெழும் தொழிலாளியை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் பசி போய்ப் பல வருடங்களாகியும் வேகம் போகவில்லையென்றால், அது தேவையல்ல, நப்ஸின் பழக்கம்.

உடம்பு மெலிவதற்காக மென்று தின்றால் அது இபாதத் ஆகுமா என்று சிலர் கேட்கலாம். உடலுக்கும் நம்மீது உரிமையுண்டு, அது அமானிதம். ஆரோக்கியத்தை நாடுவதும் நல்ல நிய்யத்தே. ஆனால் எடையை மட்டுமே நாடியவர், எடை குறையாவிட்டால் பழைய வேகத்துக்குத் திரும்பி விடுவார். ஸுன்னத்தையும் பக்கத்தவரின் ஹக்கையும் நாடியவருக்கு ஒரு பலுவும் குறையாவிட்டாலும் நஷ்டமில்லை.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிலர் சிரித்தபோது, மீஸான் தராசில் அவை உஹது மலையைவிடக் கனமானவை என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். மெலிவைக் கண்டு சிரிப்பது தகாதென்றால், பருமனைக் கண்டு சிரிப்பது மட்டும் எப்படித் தகும்? உடலின் கனம் அந்தத் தராசில் ஏறுவதில்லை. ஒரு முதியவருக்காக ஒதுக்கி வைத்த ஒரு பிடிச் சோறு ஏறும்.

ஆகவே சகோதரர்களே! அடுத்த விருந்தில் சஹனில் யார் மெதுவாக உண்கிறாரோ, அவருடைய வேகமே எல்லோருடைய வேகமாகட்டும். பிறர் உடம்பை அளக்குமுன் நம் கவளத்தை அளப்போம். வல்ல நாயன் நம் உணவில் பரக்கத்தையும், நம் கைகளுக்கு நிதானத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.