யாருக்குச் சான்றிதழ்?

கெட்டுப்போன கம்ப்யூட்டரைக் கழித்துக்கட்டும் கம்பெனிகள் இப்போது கையோடு ஒரு காகிதமும் வாங்கிக்கொள்கின்றன, எல்லாம் முறைப்படி நடந்தது என்பதற்கு. 2022இல் வந்து 2023 ஏப்ரலில் அமலான மின்கழிவு விதிகள் இதையே சந்தையாக்கிவிட்டன. பதிவுபெற்ற ஆலை, கழிவிலிருந்து மீட்ட தங்கம், செம்பு, அலுமினியம், இரும்புக்குக் கணக்குக் காட்டிச் சான்றிதழ் பெறும். சரக்கை உற்பத்தி செய்தவர் அதை விலைக்கு வாங்கித் தன் கடமையைத் தீர்த்துக்கொள்ளலாம். எனக்கு இது தீட்டுக் கழிக்கிற சடங்காகவே படுகிறது. அழுக்கைத் தொட்டவன் ஒருத்தன், சுத்தமானவன் இன்னொருத்தன்.

ஆலையே வேண்டாம் என்பதல்ல என் வாதம். வயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பதும், மதர்போர்டை ஆசிடில் ஊறப்போடுவதும் உடம்பைத் தின்கிற வேலை. அதைச் சுயதொழில் என்று யாரும் புகழ வேண்டாம். தில்லி சீலம்பூரில் இந்தக் கழிவை உடைத்துப் பிரிப்பவர்களில் பெரும்பாலோர் ஏழை முஸ்லிம்கள். நம்ம ஜனம் இல்லையே என்று ஒதுங்கிவிட முடியுமா?

சட்டவிரோதம் என்று சொல்லி அவர்களை விரட்டிவிட்டால் எங்கே போவார்கள்? கையால் மலம் அள்ளுவதற்கு 1993இல் தடை வந்தது. அள்ளிய கைக்கு மாற்று வேலை வந்துசேரவில்லை. 2013இல் மறுபடி சட்டம் போட வேண்டியிருந்தது.

இந்தத் தொழிலாளர்களைப் பதிவு செய்து, பயிற்சி தந்து, உடல்நலத்தையும் பாதுகாப்பையும் கண்காணிக்கும் பொறுப்பு மாநில அரசுக்கு என்று 2016 விதிகளிலேயே இருக்கிறது. 2022இலும் அது உண்டு. சான்றிதழோ உலோகத்தின் எடைக்குத்தான். நம்மூர் காயலான் கடைகளில் எத்தனை பேரைப் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று தொழிலாளர் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டுப் பார்க்கலாம்.