தாகம் குற்றமில்லை தம்பி



ஒரு வெள்ளிக்கிழமை சாயரட்சை பூஜை முடிந்து, சிராங்கூன் ரோட்டில் கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். நம்ம வகுப்புக்கு வருகிற தம்பி ஒருவன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். "அண்ணே, ருண விமோசன ஸ்தோத்திரம் எத்தனை நாள் சொன்னா கடன் தீரும்?" என்று கேட்டான்.

வயசு இருபத்துமூணு. "ஸ்தோத்திரம் அப்புறம் சொல்லலாம்டா. முதல்ல கடன் எவ்வளவுன்னு சொல்லு" என்றேன். பதில் இல்லை. தேக்காவுக்குக் கூட்டிப்போய் இரண்டு தே வாங்கிக் கொடுத்த பிறகுதான் வாய் திறந்தான்.

சாப்பாடு டெலிவரி செய்யும் பையன். மோட்டார்சைக்கிள் பழுதாகிவிட்டது. வண்டி இல்லாவிட்டால் வருமானம் இல்லை. அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: உடனடிக் கடன், பத்து நிமிடத்தில் பணம். 500 வெள்ளி கேட்டான். "கமிஷன்" கழித்துக் கைக்கு வந்தது 400. திருப்பிக் கட்ட வேண்டியது வாரம் 100 வீதம் ஆறு வாரம். மூன்றாவது வாரம் தவறியது. அபராதம் ஏறியது. அதை அடைக்க இன்னொருவனிடம் வாங்கினான், அதை அடைக்க மூன்றாவது ஆளிடம். இப்போது முதல் ஆள் சொல்கிறானாம்: "காசு வேணாம். உன் ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் குடுத்துடு, கணக்கு முடிஞ்சுது."

கார்டு அவன் சட்டைப் பையில் இருந்தது. மறுநாள் காலையில் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறான்.

எனக்கு அடிவயிறு கலங்கியது. ஏனென்றால் கடன்முதலையிடம் கடன் வாங்கியவன் பாதிக்கப்பட்டவன். ஆனால் தன் கார்டைக் கொடுத்த நிமிடமே அவன் கடன்முதலைக்கு உதவிய குற்றவாளி. முதல் தடவை என்றாலும் 30,000 வெள்ளி முதல் 300,000 வெள்ளி வரை அபராதம், நான்கு ஆண்டு வரை சிறை, பிரம்படியும் விழலாம். 400 வெள்ளிக்காக!

மகாபாரதத்தில் வன பர்வத்தில் ஒரு காட்சி வருகிறது. உங்களுக்குத் தெரிந்ததுதான். காட்டில் அலைந்து பாண்டவர்களுக்குத் தாகம். நகுலன் பொய்கைக்குப் போகிறான். "என் கேள்விகளுக்குப் பதில் சொல், பிறகு குடி" என்று ஒரு குரல் கேட்கிறது. அவன் கேட்கவில்லை, குடித்தான், விழுந்தான். பிறகு சகதேவன், அர்ஜுனன், பீமன். அர்ஜுனனுக்கு வீரம் குறைவா? பீமனுக்குப் பலம் குறைவா? இல்லை. தாகம் முந்திக்கொண்டது. தருமருக்கும் அதே தாகம்தான். ஆனால் அவர் நின்றார், பதில் சொன்னார். தானும் பிழைத்தார், தம்பிமாரையும் மீட்டார்.

தாகம் குற்றமில்லை தம்பி. பணமுடை யாருக்கும் வரும். கடன் வாங்குவதும் பாவமில்லை. இந்த ஊர் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் நகரத்தார் கடன் கொடுத்துத்தான் தொழில் செய்தார்கள். அவர்களும் வட்டி வாங்கியவர்கள்தான். ஆனால் பேரேட்டில் எழுதி வாங்கினார்கள். தைப்பூசத்துக்குக் காவடி போய்ச் சேருகிற டேங்க் ரோடு முருகன் கோயிலை 1859ல் எழுப்பியவர்களும் அவர்களே. வெளிச்சத்தில், கணக்கோடு வாங்கும் கடன் வேறு. இருட்டில், பயத்தோடு வாங்கும் கடன் வேறு.

ஆகவே குடிக்கும் முன் நாலு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

முதல் கேள்வி: கொடுக்கிறவன் யார்? உரிமம் பெற்றவர்களின் பட்டியல் சட்ட அமைச்சின் இணையத்தளத்தில் இருக்கிறது. குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், தொலைபேசி வழியாக விளம்பரம் செய்ய உரிமம் உள்ளவருக்கு அனுமதியே கிடையாது. அவர் உங்களை நேரில் தன் கடைக்கு வரச்சொல்ல வேண்டும், ஒப்பந்தத்தை விளக்க வேண்டும், ஒரு பிரதி தர வேண்டும். சிங்பாஸ் மறைச்சொல்லைக் கேட்கிறவன், அடையாள அட்டையைப் பிடித்து வைக்கிறவன் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது: கைக்கு எவ்வளவு வரும், திரும்ப எவ்வளவு போகும்? உரிமம் உள்ளவர் மாதம் 4 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். கட்டணம் என்று அசலில் 10 விழுக்காடு வரை எடுக்கலாம். தவணை தவறினால் மாதம் 60 வெள்ளி வரை தாமதக் கட்டணம், நிலுவைக்குத் தாமத வட்டி வேறு. எல்லாம் சேர்ந்து அசலைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். அப்படியென்றால் 1,000 வாங்கியவன் 2,000 வரைக்கும் கட்ட நேரலாம். சட்டப்படியானது என்பதால் சுலபமானது என்று எண்ணிவிடாதீர்கள்.

மூன்றாவது: எந்தக் காசிலிருந்து கட்டுவேன்? "எப்படியாச்சும் கட்டிடுவேன்" என்பது பதிலே இல்லை. இன்னொரு கடனிலிருந்து என்றால் அது விஷப் பொய்கை.

நாலாவது கேள்விதான் கடினம்: வீட்டில் சொன்னேனா?

அன்றிரவே அவனை ஈசூனில் அவன் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அப்பா ஒன்றும் பேசாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் கேட்டார்: "என் வளையல வெச்சிருந்தா 400 வெள்ளி கெடச்சிருக்குமேடா. ஏன்டா சொல்லல?" அவன் அழுதுவிட்டான். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அடகுக்கடையில் சட்டப்படி மாத வட்டி 1.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 400 வெள்ளிக்கு மாதம் 6 வெள்ளி. மீட்க ஆறு மாதம் அவகாசம். இவனோ ஆறு வாரத்துக்கு 200 வெள்ளி ஒப்புக்கொண்டிருந்தான். அந்த வித்தியாசம் முழுவதும் வெட்கத்துக்குக் கொடுத்த விலை. கடன்முதலை பிழைப்பதே நம் வெட்கத்தில்தான்.

மறுநாள் காலை அவனும் அப்பாவும் போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தார்கள். கார்டு அவன் பையிலேயே இருந்தது. சில வாரம் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. கதவில் சாயம் ஊற்றிவிடுவார்களோ என்று அம்மா தூங்கவில்லை. எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது அந்தப் பாரம் நாலு தோளில் இருக்கிறது.

வீட்டிலும் வசதி இல்லையா? முதலாளியிடம் சம்பள முன்பணம் கேளுங்கள். பேட்டி ரோட்டில் சிண்டா இருக்கிறது. வட்டாரத்தில் குடும்பச் சேவை நிலையம் இருக்கிறது. செலவுக்கே வழியில்லாத குடும்பம் சமூகச் சேவை அலுவலகத்தில் காம்கேர் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். வங்கிக் கடனும் கிரெடிட் கார்டும் கழுத்தை நெரித்தால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அறநிறுவனம் வங்கிகளோடு பேசித் தவணையை ஒழுங்கு செய்ய உதவுகிறது. எதற்கும் தயக்கமாக இருந்தால் நம் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வாருங்கள். தே நான் வாங்கித் தருகிறேன்.

யட்சன் கேட்ட கேள்விகளில் ஒன்று, யார் சந்தோஷமானவன் என்பது. செல்வந்தன் என்றோ அரசன் என்றோ தருமர் சொல்லவில்லை. கடனில்லாமல், ஊர்விட்டு ஊர் அலையாமல், தன் வீட்டில் எளிய கீரையைச் சமைத்துச் சாப்பிடுகிறவன் என்கிற கருத்தில் பதில் சொன்னார். சொன்னவர் அப்போது நாடிழந்து காட்டில் நின்றவர். அனுபவித்துச் சொன்ன பதில் அது.

அந்தத் தம்பி இப்போதும் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருகிறான், ஸ்தோத்திரமும் சொல்கிறான். நான் தடுக்கவில்லை. பிரார்த்தனை நமக்கு வட்டி கட்டாது, ஆனால் உண்மையைச் சொல்லும் தைரியத்தைத் தரும். முதல் பரிகாரம் அந்த உண்மையை வாய்விட்டுச் சொல்வதுதான்.

உங்கள் யார் பையிலாவது இன்று அப்படி ஒரு கார்டு இருந்தால், நாளைக் காலை வரை காத்திருக்காதீர்கள். இன்றிரவே வீட்டில் சொல்லுங்கள்.

முருகன் துணை.