பதக்கம் வென்ற பக்தன்: பிள்ளைகள் பார்க்கத்தக்க படமா?

ஒரு திரைப்படம் பிள்ளைகளுக்கு ஏற்றதா என்று பார்க்கையில் பெற்றாராகிய நாம் வழக்கமாகக் கேட்பவை மூன்று கேள்விகள். ஆபாசம் உண்டா? அடிதடி உண்டா? கெட்ட வார்த்தை உண்டா? இல்லையென்று கேள்விப்பட்டால் பிள்ளைகளைப் படத்தின் முன் இருத்திவிட்டு நாம் அடுக்களைக்குப் போய்விடுகிறோம். 1981ஆம் ஆண்டு பிரித்தானியாவில் வெளிவந்து, சிறந்த படத்துக்கான ஒஸ்கார் பரிசையும் பெற்ற ‘சாரியட்ஸ் ஒவ் ஃபயர்’ இந்தப் பரீட்சையில் எளிதாகத் தேறிவிடும். குடியும் புகையும் சிறிது உண்டு, ஓரிரு கடுஞ்சொற்கள் உண்டு, அவ்வளவே. திரைப்படக் கலையின் நூற்றாண்டை முன்னிட்டு 1995இல் வத்திக்கான் தெரிந்தெடுத்த நாற்பத்தைந்து படங்களில், நற்பண்புகளை உணர்த்துவன என்ற பிரிவில் இதுவும் இடம்பெற்றது. ஆயினும் இதைப் பிள்ளைகளுக்குக் காட்டுமுன் பெற்றார் சற்று நின்று யோசிக்கவேண்டும் என்பதே என் எண்ணம்.

கதை 1924ஆம் ஆண்டின் பரிஸ் ஒலிம்பிக் போட்டிகளைப் பற்றியது. ஓட்டவீரர் இருவர். ஹரல்ட் ஏபிரகாம்ஸ் யூதர். கேம்பிரிட்ஜில் தம்மை ஏளனமாய்ப் பார்ப்போருக்குத் தம்மை நிரூபிக்க ஓடுகிறார். எரிக் லிடெல் சீனாவில் பிறந்த ஸ்கொட்லாந்து மிஷனரிமாரின் மகன். கடவுள் தந்த வேகத்தை அவருடைய மகிமைக்காகவே பயன்படுத்துகிறார். நூறு மீற்றர் ஓட்டத்தின் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமை வருகிறது. லிடெல் ஓட மறுக்கிறார். பின்னர் நானூறு மீற்றரில் ஓடி, 47.6 செக்கனில் தங்கப் பதக்கம் வெல்கிறார். நூறு மீற்றரை ஏபிரகாம்ஸ் வெல்கிறார்.

நம் வீட்டுப் பிள்ளை உடனே கேட்கும்: “நாங்கள் பூசை முடிந்து பந்தடிக்கிறோமே, அது பாவமா?” அதற்கு விடை தயாராய் இருக்கட்டும். ஞாயிறன்று விளையாடக்கூடாது என்பது ஸ்கொட்லாந்துப் புரட்டஸ்தாந்தர் பலரின் கடுமையான வழக்கம். இறைவழிபாட்டுக்கும் ஆண்டவருடைய நாளின் மகிழ்ச்சிக்கும், உடல் உள்ள ஓய்வுக்கும் தடையானவற்றைத் தவிர்க்கும்படியே 1983ஆம் ஆண்டின் நமது திருச்சபைச் சட்டம் கேட்கிறது. பந்தடித்தல் அந்த மகிழ்ச்சியிலேயே அடங்கும். பூசையைத் தவறவிட்டுப் பந்தடித்தல் வேறு விடயம்.

அடுத்தது, உண்மை பற்றியது. லிடெல் பிரான்சுக்குக் கப்பலேறும் வேளையில்தான் ஞாயிறு ஓட்டத்தைப் பற்றி அறிவதாகப் படம் காட்டுகிறது. உண்மையில் அவர் அதைப் பல மாதங்களுக்கு முன்பே அறிந்திருந்தார். அந்த மாதங்களில் நானூறு மீற்றருக்கென்று பயிற்சியும் செய்தார். கப்பற்படியில் நிகழும் திடீர்ச் சோதனை பார்ப்பதற்கு விறுவிறுப்புத்தான். ஆனால் மாதக்கணக்காக ஒரு முடிவில் நிலைத்து, நாள்தோறும் மைதானத்துக்குப் போய் வருவதே கடினம், அதுவே பிள்ளைகளுக்கு வேண்டியதும். அவருடைய சகோதரி அவர் ஓடுவதை விரும்பாதவராகக் காட்டப்படுவதும் கற்பனை. நாடகச் சுவைக்காக உண்மையாய் வாழ்ந்த ஒரு பெண்ணின் மேல் இல்லாத குறையை ஏற்றலாமா? ‘பொய்ச்சாட்சி சொல்லாதே’ என்று ஞானோபதேச வகுப்பில் படிக்கும் பிள்ளையோடு பேசவேண்டிய கேள்வி இது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதை நன்றாகவே விளங்கிக்கொள்ளும். அதற்குக் குறைந்த வயதினர், முன்னும் பின்னுமாய்ப் போகும் இக்கதையில் வழிதவறித் தூங்கிவிடுவார்கள் என்பதே என் அனுமானம்.

எல்லாவற்றிலும் பெரிதாக எனக்குப் படுவது இன்னொன்று. கடவுளுக்குக் கீழ்ப்படிந்தவர் வென்றார். பதக்கமும் கைதட்டலும் கிடைத்தன. இதைப் பார்க்கும் சிறுவன், கட்டளையைக் கைக்கொண்டால் முதலிடம் வரும் என்று கணக்குப் போட்டுவிடுவான். பரீட்சைக்கு முன் மெழுகுதிரி கொளுத்தி, பெறுபேறு குறைந்ததும் கோவிலுக்கு வர மறுக்கும் பிள்ளைகளை நாம் காணவில்லையா? லிடெல் நானூறு மீற்றரில் கடைசியாய் வந்திருந்தாலும் அந்த ஞாயிறு அவர் செய்தது சரியே. படம் இதைச் சொல்லவில்லை. சொல்ல அதற்கு வாய்ப்பும் இல்லை. அவர் வென்றது வரலாறு.

ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. 1925இல் லிடெல் மிஷனரியாகச் சீனாவுக்குத் திரும்பினார். 1941இல் கருவுற்றிருந்த மனைவியையும் இரு பெண்பிள்ளைகளையும் கனடாவுக்கு அனுப்பினார். அங்கே பிறந்த மூன்றாவது மகளை அவர் காணவேயில்லை. 1943இல் யப்பானியர் அவரை வெய்சியென் தடுப்பு முகாமில் அடைத்தனர். அங்கே பெற்றாரைப் பிரிந்த பிள்ளைகள் பலர் இருந்தனர். அவர்களுக்குப் படிப்பித்தார், விளையாட்டு நடத்தினார். 1945 பெப்ரவரியில், முகாம் விடுதலையாவதற்கு ஆறு மாதங்களுக்கு முன், மூளைக்கட்டியினால் தமது நாற்பத்துமூன்றாவது வயதில் இறந்தார். இத்தனையையும் படம் முடிவில் ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டுப் போகிறது.

அந்த முகாமில் இருந்தவர்கள் பின்னர் சொன்ன ஒரு நிகழ்ச்சியைப் படம் முடிந்ததும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாட்டு வேண்டாமென்றுதான் லிடெல் அங்கும் இருந்தார். பொழுதுபோகாத பிள்ளைகள் தாமாகவே ஹொக்கி ஆடப் போய், நடுவர் இல்லாமல் அடிபட்டுக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு, ஒலிம்பிக்கில் ஞாயிறு ஓடமாட்டேன் என்று நின்ற அதே மனிதர் தாமே நடுவராக மைதானத்துக்கு வந்து நின்றார்.