தாய்க்கு எழுத்தறிவித்தல் தானமா, கடனா?

விஜயதசமி நாளிலே ஆலயங்களில் சிறுவர்களுக்கு ஏடு தொடக்கும் வைபவம் நடைபெறுவதை எல்லோரும் அறிவர். தந்தையின் மடியில் இருக்கும் குழந்தையின் விரலைப் பிடித்து, பரப்பிய பச்சரிசியிலே குருக்கள் அகரம் எழுதுவிக்கிறார். அருகில் நின்று கண்கலங்கப் பார்க்கும் தாய்மாருள், தன் விரலை எவரும் அவ்வாறு பிடித்து எழுதுவியாத ஒருத்தியும் இருக்கக்கூடும். அவளுக்கும் அகரம் அறியும் உரிமை உண்டல்லவா?

தானங்களுள் வித்தியாதானம் சிறந்தது என்பர் பெரியோர். ஆயினும் வளர்ந்த பெண்ணுக்கு எழுத்தறிவிப்பதைத் தானம் என்று சொல்வது பொருந்துமா என்பது சிந்திக்கத்தக்கது. அவள் ஏன் படிக்காமற் போனாள்? பல குடும்பங்களில் அவளே மூத்த பெண்பிள்ளை. தாய் வயல் வேலைக்குச் செல்ல, தம்பி தங்கையரைப் பார்ப்பதற்காக அவள் வீட்டில் மறிக்கப்பட்டாள். அவள் ஆக்கிய சோற்றை உண்டு தம்பி பாடசாலை சென்றான். இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி வந்த பின்னரும், வறுமையால் இவ்வாறு நின்றவர்கள் உண்டு. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து படிப்பை இடைநடுவில் விட்டவர்களும் உண்டு. பிறருக்காக ஒன்றை இழந்தவளுக்கு அதனைத் திருப்பிக் கொடுப்பது தானமன்று. கடன் தீர்த்தலே ஆகும். தானம் பெறுபவர் கூசி நிற்பர். தமக்குரியதைத் திரும்பப் பெறுபவர் கூச வேண்டியதில்லை.

இக்கடனை ஊர் கூடித் தீர்த்த வரலாறு தமிழகத்திலே உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, கிராமப் பெண்கள் பகல் முழுதும் உழைத்துவிட்டு, மாலையில் குழுக்களாக அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தனர். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தினால், துவிச்சக்கர வண்டி ஓடப் பழகுவதும் அவ்வியக்கத்தின் ஓர் அங்கமாயிற்று. முதலிலே பலர் நகைத்தனர். ஆயினும் பல்லாயிரம் பெண்கள் ஓடப் பழகினர். பிள்ளையை ஏற்றிச் செல்லவும், தண்ணீர் கொண்டு வரவும், விளைபொருளைச் சந்தைப்படுத்தவும் பிறரை எதிர்பார்த்திருந்த நிலை குறைந்தது. கல்லுடைக்கும் கூலிகளாக இருந்த பெண்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து, கற்குவாரிகளைத் தாமே குத்தகைக்கு எடுத்து நடத்தவும் துணிந்தனர்.

ஆந்திர மாநிலத்து நெல்லூர் மாவட்டத்தில் நடந்தது இன்னும் வியப்புக்குரியது. அங்கு வளர்ந்தோர் வகுப்புப் பாடநூலில், தன் ஊரிலே சாராயக்கடையை மூடுவித்த சீதம்மா என்னும் பெண்ணின் கதை ஒரு பாடமாக இருந்தது. 1992இல் தூபகுண்டா கிராமத்துப் பெண்கள், அக்கதையில் நடந்தது தம் ஊரில் ஏன் நடக்கக்கூடாது என்று கேட்டுச் சாராயத்தை எதிர்த்து எழுந்தனர். அவ்வெழுச்சி ஊர் ஊராகப் பரவியது. 1993 அக்டோபர் முதலாந் திகதி ஆந்திராவில் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995இல் வந்த முழு மதுவிலக்கு 1997இல் தளர்த்தப்பட்டது உண்மையே. சட்டத்தைத் தளர்த்தலாம், ஒருமுறை கேள்வி கேட்கப் பழகிய நாவை மீண்டும் கட்டுதல் எளிதன்று.

தனியே இருந்து படித்திருந்தால் இவை நடந்திரா. தனித்திருப்பவள், “இது என் விதி” என்று எண்ணுகிறாள். பத்துப் பேர் கூடியிருந்து ஒரு பாடத்தைப் படிக்கும்போது, தன் துன்பமே அடுத்தவளுக்கும் உண்டென்பதைக் காண்கிறாள். விதியென்று நினைத்தது மனிதர் செய்த குறையென்று தெளிகிறது. கூச்சமும் அங்கேயே கழன்று விடுகிறது.

“தாய் படிக்கப் போனால் வீட்டு வேலை என்னாவது?” என்று கேட்போர் உளர். அது நியாயமான கேள்வியே. அவள் படிக்கும் ஒரு மணி நேரம் ஆகாயத்திலிருந்து வருவதில்லை. கணவன் அடுப்பைப் பார்க்க வேண்டும். மகன் தண்ணீர் அள்ள வேண்டும். கடன் தீர்ப்பதென்பது இதுவே. பணம் கொடுத்தோ பாராட்டுரை கூறியோ இதனைத் தீர்க்க முடியாது. அதன் பலனும் அவ்வீட்டுக்கே வந்து சேரும். கிளினிக் அட்டையைத் தானே வாசிப்பவள் மருந்தைத் தவறாது கொடுப்பாள். ஒப்பமிடுமுன் உறுதியை வாசிப்பவள் காணியை இழக்கமாட்டாள். தாய் கொப்பியும் பென்சிலுமாக இருப்பதைக் காணும் பிள்ளைக்குப் படி என்று சொல்லத் தேவையில்லை.

ஊர்தோறும் ஆலய மடங்களும் மாதர் சங்கக் கட்டிடங்களும் உண்டு. படித்த யுவதிகளும் இளைப்பாறிய ஆசிரியர்களும் உண்டு. வேண்டுவது குடும்பத்தார் மனமுவந்து விட்டுக்கொடுக்கும் ஒரு மணி நேரமே. கைநாட்டு வைத்த தாய் தன் பெயரைத் தானே எழுதும் நாள் எதுவோ, அந்நாளே அவ்வீட்டின் விஜயதசமியாகும். கலைமகள் அதற்கு அருள்புரிவாளாக.