கணிப்பு மாதிரியும் கணக்கில் வராதோரும்

கணனியில் மாதிரி அமைத்து அதனை இயக்கிப் பார்க்கும் பயிற்சி நெடுங்காலம் பொறியியல், கணித மாணவர்க்கே உரியதாகக் கருதப்பட்டது. இன்று பொருளியல், விவசாயம், சமூகவியல் முதலிய துறைகளின் மாணவரும் ஒரே வகுப்பறையில் இதனைக் கற்கும் நிலை தோன்றியுள்ளது. இவர்க்கெல்லாம் இதனை எங்ஙனம் கற்பிப்பது என்னும் வினா பெரும்பாலும் கற்பித்தல் முறை பற்றியதாகவே நோக்கப்படுகிறது. ஆயினும் அதன் அடியில் ஓர் அறவினா உள்ளது. மாதிரி என்பது உலகின் சுருக்கம். சுருக்குவோர் எதையேனும் விடுத்தேயாக வேண்டும். எதை விடுக்கலாம் எனத் தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது?

மாத்தளை மாவட்டத்து நீர்வழியொன்று இவ்வினாவை விளக்கவல்லது. கண்டிக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லையில் 1976 ஆம் ஆண்டு மகாவலி மறிக்கப்பட்டது. அங்கிருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் நீரை உக்குவளை மின்நிலையத்துக்குக் கொணர்கிறது. பின்னர் அந்நீர் சுது கங்கை வழியே அம்பன் கங்கையை அடைந்து, போவதென்ன நீர்த்தேக்கத்திற் பிரிகிறது. ஒரு பகுதி கலாவெவ நோக்கிச் செல்ல, எஞ்சியது 2018 இல் திறக்கப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கத்தைக் கடந்து பொலன்னறுவை வயல்களை நாடுகிறது. பொல்கொல்லையில் திருப்பப்படாத நீரோ மகாவலியிலேயே கீழிறங்கி விக்டோரியா, ரந்தெனிகல மின்நிலையங்களை இயக்குகிறது. ஆகவே திருப்பும் அளவு கூடினால் வயலுக்கு நன்மை. குறைந்தால் மின்னுற்பத்திக்கு நன்மை.

இதற்கு மாதிரி அமைத்தல் அரிதன்று. முந்திய மாத இருப்பு, வந்த நீர், விட்ட நீர், ஆவியான நீர் ஆகியவற்றைக் கூட்டவும் கழிக்கவும் தெரிந்த எம்மாணவரும் அடுத்த மாத இருப்பைக் கணிக்கலாம். எப்பங்கீடு சிறந்தது என்று கேட்கும்போதே இடர்ப்பாடு தொடங்குகிறது. பொறியியல் மாணவர் மின்னலகை எண்ணுவர். விவசாய மாணவர் சிறுபோக விளைச்சலை எண்ணுவர். பொருளியல் மாணவர் இரண்டையும் ரூபாவாக்குவர். சமூகவியல் மாணவரோ, மொரகஹகந்தவுக்காக ஊர்விட்டுப் பெயர்ந்த குடும்பங்கள் எந்நிரலில் உள்ளன என்பர். மாத்தளை மலைச்சரிவின் லயன்களில் வாழும் தோட்டத் தொழிலாளிக்கு வயலுமில்லை, பாசனப் பங்குமில்லை; அவருடைய குடிநீர் இச்சமன்பாட்டில் எவ்வெழுத்தாற் குறிக்கப்படுகிறது என்றும் ஒருவர் வினவக்கூடும். சமன்பாடு ஒன்றே, விடைகள் வேறு.

உலக அரங்கிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1972 இல் வெளிவந்த 'வளர்ச்சியின் எல்லைகள்' என்னும் ஆய்வு, வளர்ச்சி தடையின்றித் தொடருமாயின் பூமியின் இயற்கை எல்லைகள் ஒரு நூற்றாண்டுக்குள் அதனைத் தடுத்துவிடும் எனக் கணித்தது. ஆர்ஜென்ரீனாவின் பரிலோச்சே நிறுவனத்து அறிஞர் 1976 இல் வெளியிட்ட மாதிரியோ, மாந்தர் யாவர்க்கும் உணவு, உறையுள், கல்வி, மருத்துவம் கிட்டுதல் என்னும் இலக்கிலிருந்து தொடங்கியது. தடையாக இருப்பது இயற்கையன்று, சமூக அமைப்பே என்பது அவர்தம் முடிபு. இரு தரப்பினரும் கணனியையே நாடினர்; முடிபைப் பெரிதும் வேறுபடுத்தியது தொடக்க எடுகோளே.

இங்கு இருவகைப் பிழைகள் நேர்கின்றன. எண்ணப்படாதது இல்லாதது என மயங்குதல் ஒன்று. மாதிரி குறையுடையதாதலின் அது வேண்டாம் எனக் கலைத்துறையினர் ஒதுங்குதல் மற்றொன்று. இரண்டாவதும் தீங்கற்றதன்று. மாதிரி இல்லாவிடினும் நீர் பங்கிடப்படவே செய்யும். அவ்விடத்துச் செல்வாக்குடையோரின் குரலே கணக்காகிவிடும். எழுதப்பட்ட எடுகோளை எவரும் மறுக்கலாம். எழுதப்படாததை மறுப்பது அரிது. மறுபுறம், அனைத்தையும் எண்ணாக்குவதும் தீர்வாகாது. நீரில் மூழ்கிய ஊர்க்கோயிலுக்கு விலையிட்டு நிரலிற் சேர்ப்பது அவ்விழப்பைக் காட்டாது, மறைக்கவே செய்யும்.

எனவே, பல்துறை மாணவர் ஒருங்கு பயிலும் வகுப்பறை பாடத்தை எளிதாக்கவேண்டிய இடம் மட்டுமன்று. மாதிரிகள் உரைத்துப் பார்க்கப்படும் இடமுமாகும். மாதிரியோடு, எவை விடப்பட்டன, எதனால், அதனால் யாருக்கு இழப்பு என்பதையும் மாணவர் எழுதுதல் வேண்டும். அதனைப் பிறதுறை மாணவர் படித்து வினவுதல் வேண்டும். பொல்கொல்லை மதகைத் திறப்பவர் கையில் நாளை அத்தகைய மாதிரியொன்று இருக்கக்கூடும். அதிற் சேர்க்கப்படாதவர்க்காகப் பேசும் குரல் வகுப்பறையிலேயே ஒலித்துப் பழகியிருத்தல் இன்றியமையாதது.