செவியும் கருவியும்

ஆயர் ஈத்தாம் என்னும் மலாய்ப் பெயருக்குக் கருநீர் என்பது பொருள். பினாங்குத் தீவில் கொடிமலையின் அடிவாரத்தில் அமைந்த இவ்வூர் ஒலிகளால் நிறைந்தது. 1923ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய மலைத் தொடர்வண்டி ஒருபுறம். கெக் லோக் சி ஆலயத்து மணியோசை ஒருபுறம். காலைச் சந்தையில் மலாயும் ஹொக்கியனும் தமிழும் கலந்தெழும் பேச்சொலி மற்றொருபுறம். இத்தனைக்கும் நடுவே, இரு காதுகளையும் அடைத்துக்கொண்டு பேருந்துக்குக் காத்து நிற்கும் இளைஞனைக் காண்பது அரிதன்று. அவன் பையில் கையடக்க இசைப்பெட்டி ஒன்று இருக்கின்றது. அதனை நண்பனின் பெட்டியோடு ஒப்பிட்டு, எதன் ஒலி சிறந்தது என்று அவன் வழக்காடுகின்றான். ஒலிநாடாக் காலத்தில் அவன் தந்தையும் இதனையே வழக்காடினார். குறுந்தட்டுக் காலத்தில் தமையனும் வழக்காடினான். பெட்டிகள் மாறின, வழக்கு மாறவில்லை.

இவ்வழக்கை வீண் என்று தள்ளிவிடுதல் முறையன்று. கருவிக்குக் கருவி வேறுபாடு உண்டு என்பது உண்மை. 1963ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஒலிநாடாப் பேழையில், நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டரும் இல்லை; அது நொடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவாகவே நகர்ந்தது. அதனால் பாடலோடு ஓர் இரைச்சலும் சேர்ந்தே ஒலித்தது. 1982இல் வந்த குறுந்தட்டு, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகப் பதிந்தது, இரைச்சல் மறைந்தது. பின்னர் வந்த எம்பி3 முறையோ, பெரிய ஒலியின் அருகில் மறைந்து போகும் சிற்றொலிகளைச் செவி உணராது என்னும் உண்மையைக் கொண்டு, அவற்றை நீக்கிப் பதிவைச் சுருக்கிற்று. அளவோடு சுருக்கினால் குறை தெரிவதில்லை. மிகச் சுருக்கினால் தம்புராவின் நாதமும் கமகத்தின் நெளிவும் சிதைகின்றன. பாடியவரின் உழைப்பைச் சிதையாமல் கேட்க விரும்புதல் கலைக்குச் செய்யும் மரியாதையே ஆகும்.

ஆனால், ஒப்பிடுவோர் முதலில் தம் செவியைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும். இரு கருவிகளுள் ஒன்று சற்று உரக்க ஒலித்தால், உரத்ததையே சிறந்தது என மனம் கொள்கின்றது. கருவியின் பெயரும் விலையும் முன்பே தெரிந்திருந்தால், செவி கேட்கும் முன்னரே மனம் தீர்ப்பு எழுதிவிடுகின்றது. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மேயர், மோரன் என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குறுந்தட்டினும் உயர்தரமானது எனப்பட்ட பதிவையும், அதே பதிவைக் குறுந்தட்டின் தரத்திற்குக் குறைத்ததையும், எது எதுவென்று கூறாமல் மாற்றி மாற்றிக் கேட்பித்தனர். 554 சோதனைகளில் 276 விடைகளே சரியாயின. நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறத்தாழ இதுவே கிடைத்திருக்கும். எல்லாக் கருவிகளும் ஒன்றே என்று இவ்வாய்வு கூறவில்லை. தரமற்ற காதொலிப்பானின் குறையை எவரும் எளிதில் உணர்வர். எனினும், ஒலியைக் கேட்பதாக எண்ணிக்கொண்டு விலையைக் கேட்பவர் உண்டு என்பதை இஃது உணர்த்துகின்றது. தன் செவியைப் பற்றித் தனக்கே பொய் சொல்லாதிருத்தலும் வாய்மையின் ஒரு கூறே அன்றோ?

இதனினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. 1915ஆம் ஆண்டு முதல் எடிசன் நிறுவனத்தார் தம் இசைத்தட்டுப் பொறியின் பெருமையை நிலைநாட்ட அரங்குகளில் ஒரு காட்சி நடத்தினர். பாடகர் பாடுவார், பொறியும் அவர் குரலில் பாடும், விளக்குகள் அணையும். பாடுவது மனிதரா, பொறியா என்று அவையோர் திகைப்பர். அக்காட்சிகளில் பாடிய அன்னா கேஸ் என்னும் அம்மையார், பொறியின் ஒலிக்கு ஒப்பத் தம் குரலை அடக்கிப் பாடியதாகப் பிற்காலத்தில் கூறினார். மனிதக் குரலைப் போல ஒலிக்க வந்த பொறிக்கு ஏற்ப, மனிதக் குரலே தன்னைக் குறுக்கிக்கொண்டது! அளக்கப்பட வேண்டியது அளவுகோல் ஆகிவிட்டால், உண்மைக்கு இடமேது?

கருவி தரும் தனிமையும் எண்ணத்தக்கது. சோனி நிறுவனம் 1979 சூலையில் ஜப்பானில் விற்பனைக்குக் கொணர்ந்த முதல் வாக்மேனில், காதொலிப்பான் செருகுவதற்கு இரண்டு துளைகள் இருந்தன. அழுத்தினால் இசை தணிந்து, அருகிலிருப்பவரின் பேச்சு காதில் விழச் செய்யும் பொத்தானும் இருந்தது. அந்நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவரான அக்கியோ மொரித்தா அதனை வீட்டில் கேட்டுப் பார்த்தபோது, தாம் ஒதுக்கப்பட்டதாக அவர் மனைவி வருந்தினாராம். அதனாலேயே இருவர் கேட்க வழிசெய்ததாக மொரித்தா தம் வரலாற்று நூலில் எழுதினார். ஆயின், வாங்கியோர் தனித்துக் கேட்கவே விரும்பினர். பின்வந்த வடிவங்களில் அப்பொத்தான் மறைந்தது. ஒலியின் தரம் உயர உயர, அருகிலிருப்பவரைக் கேட்கும் வழி ஒன்று அடைபட்டது.

தனித்துக் கேட்பது தீது என்று இதனால் முடிவு கட்டுதல் கூடாது. நெருக்கமான அடுக்குமாடிக் குடியிருப்பில், தேர்வுக்குப் படிக்கும் அண்டை வீட்டு மாணவனுக்கு இடையூறின்றிக் காதொலிப்பானில் பாடல் கேட்பவன் நல்ல அண்டை வீட்டான். ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்துத் தன் பக்தியை ஊருக்கே அறிவிப்பவனைவிட அவன் பண்பில் உயர்ந்தவன். ஆனால் அவனும் தன் செவிக்கு ஊறு செய்தல் ஆகாது. வளர்ந்தோர் 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரத்திற்கு மேல் கேட்டல் தகாது என உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் வகுத்த நெறி உரைக்கின்றது. இழந்த செவியை எந்தக் கருவியும் முழுதாக மீட்டுத் தருவதில்லை.

ஆயர் ஈத்தாமில் ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். அவ்வீட்டுத் தாத்தா மறைந்து ஆண்டுகள் பல ஆயின. அவர் பேரனைப் பெயர் சொல்லி அழைத்த குரல் பழைய ஒலிநாடா ஒன்றில் பதிந்து கிடக்கின்றது. நாடா இரைகின்றது, குரல் இடையிடையே மங்குகின்றது. பேரனின் விலையுயர்ந்த கருவியிலோ மாசற்ற பாடல்கள் ஆயிரம் உள்ளன. வீட்டில் தீப்பற்றினால் அவன் எதனை எடுத்துக்கொண்டு ஓடுவான்? பாடல்களை மீண்டும் வாங்கலாம். அக்குரலை வாங்க இயலாது. ஒலியின் தரம் வேறு, ஒலியின் மதிப்பு வேறு என்பது அப்போது விளங்கும். குழலோசையையும் யாழோசையையும் மழலையோடு ஒப்பிட்ட வள்ளுவர் கண்டதும் இதுவே. அவர் இசைக்கருவிகளைப் பழிக்கவில்லை. அன்புடைய செவி எதனை இனிதென்று கொள்ளும் என்பதையே காட்டினார். அவரே கேள்விக்கென ஓர் அதிகாரமும் வகுத்தார். அங்குப் பேசப்படுவது கேட்பவனின் தகுதியே.

அதே வீட்டில் பாட்டி இன்றும் இருக்கின்றார். அடுக்களையிலிருந்து, “ஐயா, சாப்பிட வா” என்று இருமுறை அழைக்கின்றார். பேரன் காதில் நல்ல இசை, அழைப்பு விழவில்லை. என்றேனும் ஒருநாள், இக்குரலையும் ஏதேனும் ஒரு நாடாவில் அவன் தேடக்கூடும். எந்தக் கருவி சிறந்தது என்னும் வினாவிற்கு நண்பர்கள் எந்த விடையையும் காணட்டும். வேண்டிய நேரத்தில் அதனைக் கழற்றி வைக்கத் தெரிந்தவனே கேட்கக் கற்றவன்.