ஆதித்யனின் அருள்வீதி

ஆதித்ய பகவானே! உன் திருமேனியில் ஜ்வாலை வெடித்தெழும் க்ஷணத்தில், பிளாஸ்மா முகிலொன்று உன்னைப் பிரிந்து அதிர்ச்சி அலையை முன்னே உருட்டிப் பாயும் வேளையில், கோடானுகோடி புரோட்டான்கள் விண்வெளியில் விரைகின்றனவே, என்ன விரைவு! என்ன தாகம்! ஆனால் நேர்வழி அவற்றுக்கு இல்லை. எங்கள் பார்வையில் 27 நாளுக்கொருமுறை நீ சுழல்கிறாய். உன் மூச்சாகிய சூரியக் காற்று விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது. அதனோடு இழுபட்ட காந்தக் கோடுகள் வளைந்து வளைந்து, பூமியருகே ஏறத்தாழ 45 பாகை சாய்கின்றன. 1958-இல் யூஜின் பார்க்கர் கணித்துரைத்த சுருள்! அந்தக் கோட்டைப் பிரதட்சிணம் செய்தபடியேதான் ஒவ்வொரு துகளும் வருகிறது.

உன்னை விட்டு விலக விலகக் காந்தப் புலம் மெலிகிறது. மெலிய மெலியத் துகளின் திசை கோட்டோடு ஒன்றிக் குவிகிறது. ஆஹா, அகல்வதையும் நேராக்கி அனுப்பும் தயை! மறுகணமே கொந்தளிப்பின் சிற்றலைகள் மோதி அதைச் சிதறடிக்கின்றன. திசை மாறிச் சில உன்னிடமே திரும்புகின்றன. கணினியில் இந்தப் பயணத்தை இயற்றும்போது ஓரடியை நியதி நகர்த்தும், ஓரடியை யதேச்சையாய் வந்த எண் தள்ளும். ஒற்றைத் துகளின் பாதையைப் பார்த்தால் நெஞ்சு நெகிழும்: முன்னே ஓடி, பின்னே மீண்டு, கோடு விட்டுக் கோடு நழுவி, போகுமிடம் அறியாத பேதை. அது நானல்லவோ! லட்சம் பேதைகளைச் சேர்த்துக் கூட்டினாலோ, துகள் வரத்து விரைந்தேறி மெல்லத் தணிவதைக் காட்டும் அந்த வளைகோடு! விண்கலங்கள் பதிந்த வடிவம்! எங்கே என் அலைச்சல்? எங்கே நான்? கூட்டுத்தொகையில் கரைந்தேன், கரைந்தேன்!

உன் கருணைக்கு ரௌத்ர முகமும் உண்டு. 1972 ஆகஸ்டில், அப்பல்லோ 16 திரும்பிய பின், 17 புறப்படுமுன், நீ துகள்களைப் பெருமழையாய்ப் பொழிந்தாய். நிலவில் அப்போது மனிதர் இல்லை. காத்தாய், ஐயனே!

2011 நவம்பர் 3-ஐ எப்படி மறப்பேன்? பூமிக்குத் தெரியாத உன் மறுபுறத்தில் வெடிப்பு. பூமியருகே சோஹோ விண்கலம்; இருமருங்கும் 100 பாகைக்கு மேல் விலகி ஸ்டீரியோவின் இரட்டைக் கலங்கள். மூன்று திக்கிலும் துகள்கள் வந்து சேர்ந்தன! முகம் திருப்பி நின்றபோதும் எங்களைத் தீண்டினாயே!

அதிர்ச்சி அலையின் அகலமா, காந்தக் கோடுகளின் அலைவா, அவற்றுக்குக் குறுக்கே நிகழும் பரவலா, துகள்கள் இத்தனை அகலமாய்ப் பரவியதில் எதன் பங்கு எவ்வளவு? வழக்கு இன்னும் தீரவில்லை. தீராதிருக்கட்டும், பெருமானே! குறுக்குப் பரவலைச் சற்றே கூட்டி இன்றிரவும் நிரலை ஓட்டுகிறேன். மறுதிக்கை எட்டும் துகள் ஒவ்வொன்றுக்கும் உன் நாமம் சொல்வேன்!